வியாழக்கிழமைக்கு மட்டும் ஏன் அவ்வளவு உயரம்?

புரொஜக்டர் சூடேறினால் ஒரு வாசனை வரும். தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து லேசாகப் பொசுங்குகிற வாசனை. பெங்களூர் ஹெப்பகோடி ஃபேக்டரியின் மீட்டிங் ரூமில், ஏசி ஓடியும் எனக்கு வியர்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், மூக்கு முழுக்க அதுதான்.

திரையில் எங்கள் அட்மின் மேனேஜர் ருத்ரேஷ் சார் போட்ட சிவப்புக் கோடு. என் கை மவுஸ் மேல். அந்த எக்ஸெல் ஃபைலுக்குள் இரண்டாவதாக ஒரு ஷீட் இருப்பது அறையில் எனக்கும் ஃபிலோவுக்கும் மட்டும்தான் தெரியும். ஃபிலோ என்கிற ஃபிலோமினா, நீல ஏப்ரனோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஷீட்டைத் திறந்தால் எங்கள் கம்பெனி பஸ் பிழைக்கலாம். ஆனால் டிரைவர் முனுசாமி அண்ணன் மாட்டிக்கொள்ளலாம். திறக்காவிட்டால் அடுத்த மாதம் பஸ்ஸே கிடையாது.

விரல் மவுஸிலேயே நின்றது. அது ஏன் நின்றது என்று சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். சுற்றி வருவது என் பழக்கம், இத்தனை வாரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

பாதி வட்டத்தை விழுங்கிய டோட்டல்

போன வாரம் ஃபேக்டரி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதப்போய், "சாம்பார் இருக்கட்டும், அங்கே நீங்கள் என்னதான் வேலை பார்த்தீர்கள்?" என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சாம்பார் குடித்தது போக மீதி நேரத்தில் சார்ட் போட்டேன்.

அது வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற ஃபேக்டரி. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் மட்டும் வயரைத் தொடாமல் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, எந்த பஸ் எப்போது கேட்டுக்குள் நுழைந்தது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. டைப்பிங் தெரியும். சார்ட் தெரியாது.

சொல்லிக்கொடுத்தது அக்கவுன்ட்ஸ் ரஃபீக். என்னைவிடச் சின்னவன், ஆனால் வாய் பெரியது. "இன்னா அக்கா, இது ஒரு வேலையா? கட்டத்தைப் புடிச்சு இழு, இன்சர்ட்டைத் தட்டு, சார்ட்டைத் தட்டு. கதம்!"

இழுத்தேன், தட்டினேன். திரையில் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்தது. எனக்குப் பிடித்த நிறமெல்லாம் கொடுத்து, ஒரு துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்தும் வைத்தேன். எந்த செக்‌ஷனில் எத்தனை பேர் லீவு என்று காட்டும் வட்டம். என் கண்ணுக்கு அது கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி இருந்தது.

ரஃபீக் எட்டிப் பார்த்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"க்யா அக்கா! பாதி கேக்கை 'டோட்டல்' ஒருத்தனே தின்னுட்டானே! யாரு அவன், எந்த செக்‌ஷன்?"

கீழே இருந்த மொத்தக் கணக்கு வரிசையையும் சேர்த்து இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. அதனால் வட்டத்தில் சரிபாதி 'டோட்டல்'. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் கேன்டீனுக்குள் நுழைந்தாலே, "டோட்டல் அக்கா வர்றாங்க, பாதி சாப்பாடு எடுத்து வை" என்று அவன் குரல் கொடுப்பான். கோபம்தான் வரும். ஆனால் இன்று வரை நான் மொத்த வரிசையைச் சேர்த்து இழுத்ததில்லை.

அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. எண்களாக இருக்கும்போது வாயே திறக்காத ஒன்று, படமானதும் பேச ஆரம்பித்துவிடுகிறதே என்று ஆச்சரியம். கோடு, தூண், வட்டம் மூன்றும் கை வந்துவிட்டன. சும்மா இருக்கும் நேரத்தில் கேன்டீனில் எந்தக் கிழமை பூரி தீர்ந்துபோகிறது என்பதற்குக்கூட ஒரு சார்ட் வைத்திருந்தேன்.

டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்

நான் வேலைக்குப் போனதே அந்த பஸ்ஸால்தான். விவேக் நகரில் எங்கள் தெருமுனைக்கே வரும். ஏறி உட்கார்ந்தால் ஃபேக்டரி கேட்டில் இறங்கலாம். வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"கம்பெனி பஸ் வருதா?"

"வருதும்மா."

"அப்ப போ. ரெண்டு பஸ்ஸு மாறி ஓசூர் ரோட்டுல நிக்கறதா இருந்தா வாணாம். வூட்டோட இரு, வர்ற இடத்த முடிச்சிடலாம்."

இதில் 'இடம்' என்பது மாப்பிள்ளை வீடு. ஆகவே அந்த பஸ் ஓடுகிறவரை எனக்கு வேலை, நின்றால் கல்யாணம். இவ்வளவு சுருக்கமாக என் தலையெழுத்தை வேறு யாரும் சொன்னதில்லை.

ஃபிலோவுக்கும் அதே கதைதான், வேறு மாதிரி. அவள் லைன் லீடர். ஸ்கூல் போகிற இரண்டு பிள்ளைகள். பஸ் வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் என்பதால்தான் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். "பஸ்ஸு போச்சுனா என் வேலையும் போச்சு கஸ்தூரி, எழுதி வெச்சுக்க" என்பாள். அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருத்திக்கும் இப்படி வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது.

எனக்கு டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட். ஓசூர் ரோட்டில் அப்போது மேம்பாலத்துக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்று முழங்கால் உயரம், ஒன்று மாடி உயரம், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். சிமென்ட் புழுதியும், யாரோ தலையில் வைத்த மல்லிகையும், டிபன் பாக்ஸிலிருந்து கசிகிற எலுமிச்சை ஊறுகாயும் கலந்து ஒரு மணம். அந்த மணத்தை எங்கே வாங்கலாம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போவேன்.

மெழுகுவத்தி ஏற்றுகிற நேரம்

வியாழக்கிழமை என்றால் விவேக் நகர் வேறு ஊராகிவிடும். குழந்தை ஏசு கோயிலுக்கு விடியும் முன்பே கூட்டம் வர ஆரம்பிக்கும். பூக்காரர்கள், மெழுகுவத்திக் கூடைகள், குழந்தையைத் தோளில் போட்டவர்கள், பர்தா அணிந்தவர்கள், நெற்றி நிறைய விபூதி பூசியவர்கள். நேர்ந்துகொள்வதற்கு அங்கே யாரையும் யாரும் எந்த சாமி என்று கேட்பதில்லை.

முனுசாமி அண்ணனும் விபூதிக்காரர்தான். அவர் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோது வேண்டிக்கொண்டாராம். பிழைத்து வந்ததும் ஒரு வியாழக்கிழமை பஸ்ஸைக் கோயில் ஓரமாக நிறுத்தி, "ரெண்டே நிமிஷம்மா, ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு ஓடியாந்துர்றேன்" என்று இறங்கினார். அவர் பின்னால் ஃபிலோ இறங்கினாள். ஃபிலோ பின்னால் நான். எங்கள் பின்னால் பஸ்ஸே இறங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் அதே கதை. யாரும் முடிவெடுக்கவில்லை. பஸ் தானாக அங்கே நிற்கும், நாங்கள் தானாக இறங்குவோம். "பேகா பேகா, சீக்கிரம்!" என்று ஃபிலோ கத்திக்கொண்டே முன்னால் ஓடுவாள். கடைசியாகத் திரும்பி வருவதும் அவள்தான்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். வந்த வரன் எதுவும் அமைந்துவிடக் கூடாது என்றுதான். குழந்தை ஏசு கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டார்.

பெங்களூரில் பத்து நிமிஷம் என்பது பத்து நிமிஷமாக இருப்பதில்லை. கோயிலில் பத்து நிமிஷம் தவறினால் மடிவாளாவில் ஸ்கூல் வேன்களுக்குப் பின்னால் மாட்டுவோம். அங்கே மாட்டினால் சில்க் போர்டு சிக்னல் எங்களைப் பார்த்துச் சிரிக்கும். வியாழக்கிழமை நாங்கள் ஃபேக்டரிக்குள் நுழையும்போது மற்ற லைன்கள் பாதி வேலையில் இருக்கும். எங்கள் லைன் ஆளில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

நந்தி மலை

ருத்ரேஷ் சார் மண்டியாக்காரர். பேசுகிற தமிழில் கன்னடம் பாதி இருக்கும். கெட்டவர் இல்லை. பஸ் லேட்டானால் லைன் நிற்கும், லைன் நின்றால் திட்டு அவருக்குத்தான் விழும். யாருக்குத்தான் கடுப்பு வராது?

ஒருநாள் கூப்பிட்டார். "கஸ்தூரிம்மா, ஸ்வல்ப இங்க வா. இந்தக் கோட்டுக்கு நல்ல சிவப்பு கொடு."

அவரே போட்ட சார்ட். விவேக் நகர் பஸ் மாதாமாதம் சராசரியாக எத்தனை நிமிஷம் லேட் என்கிற கோடு. இடது கோடியில் தரையில் கிடந்தது, வலது கோடியில் நந்தி மலை ஏறியிருந்தது. பார்த்தாலே மூச்சு வாங்கியது. அடுத்த வாரம் பிளான்ட் ஹெட்டோடு மீட்டிங் என்றார். இந்த ரூட்டை நிறுத்திவிட்டு ஹெப்பகோடி, சந்தாபுரா பக்கமே ஆள் எடுத்துக்கொள்வதாகத் திட்டம்.

சிவப்பு கொடுக்கிற சாக்கில் இடது ஓரத்து எண்களைப் பார்த்தேன். அளவு பூஜ்யத்தில் ஆரம்பிக்கவில்லை. பதினாறில் ஆரம்பித்து இருபதில் முடிந்தது. மொத்த மலையும் மூன்று நிமிஷம் உயரம்தான். மேம்பால வேலை தொடங்கினால் எந்த பஸ்ஸும் அவ்வளவு தாமதமாகத்தான் செய்யும்.

"சார், இது ஜீரோவிலிருந்து ஆரம்பிக்கலையே?"

"தானா அப்படித்தான் வருதும்மா. அது நம்ம கையில இல்ல" என்றார்.

அது உண்மைதான். எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எக்ஸெல் தன்னிஷ்டத்துக்கு அடிப்பாகத்தை வெட்டிவிட்டு மேல்பாகத்தை மட்டும் காட்டும். அவர் ஏமாற்றவில்லை. வந்ததை அப்படியே விட்டார். அதற்கு மேல் பேச எனக்கு தைரியமில்லை. அவர் கேட்ட சிவப்பையே கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸுக்குள் ஒரு பஞ்சாயத்து

சாயங்காலம் பஸ்ஸில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு கத்தல். கடைசியில் ஃபிலோதான் கையைத் தட்டினாள்.

"இன்னாடி இது அநியாயம்! நாம இன்னா தெனமுமா லேட்டு? வியாழக்கிழம மட்டும்தானே?"

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் முனுசாமி அண்ணனின் முதுகைப் பார்த்தோம்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்தச் சார்ட்டைப் போட்டுப் பார்த்தேன். தேதிக்குப் பக்கத்தில் கிழமையைச் சேர்த்தேன். கிழமைவாரியாகச் சராசரி எடுத்தேன். இரண்டு கட்ட வரிசையையும் இழுத்து, தூண் படத்தைத் தட்டினேன். திங்கள் குட்டை, செவ்வாய் குட்டை, புதன் குட்டை. வியாழன், ஓசூர் ரோட்டில் கட்டி முடித்த மேம்பாலத் தூண் மாதிரி நின்றது. வெள்ளியும் சனியும் மறுபடி குட்டை. ஒரு நாளின் பாரத்தை மற்ற ஐந்து நாளும் சுமந்துகொண்டு, அத்தனை நாளும் கெட்ட பெயர் வாங்கியிருக்கின்றன.

பஸ்ஸைக் காப்பாற்ற இதைவிட நல்ல படம் கிடையாது. எங்களைக் காட்டிக்கொடுக்கவும் இதைவிட நல்ல படம் கிடையாது. பஸ் கோயிலில் நிற்பது கம்பெனிக்குத் தெரியாது. முனுசாமி அண்ணன் கான்ட்ராக்ட் டிரைவர், ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் எல்லோரும் ஏறுவதற்கு முன்பே போய், நானும் ஃபிலோவும் அந்தப் படத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"போடும்மா."

"அண்ணா, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"பஸ்ஸே போச்சுனா நான் இன்னாத்த ஓட்டறது? என்னைக் கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ போடு."

துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விரல் நின்ற இடம்

ஆக, புரொஜக்டர் வாசனை, சிவப்பு மலை, மவுஸ் மேல் என் கை. ஃபைலை நகர்த்தச் சொல்லி ருத்ரேஷ் சார்தான் என்னை உட்கார வைத்திருந்தார்; என் தூண் படத்தை அதன் இரண்டாவது ஷீட்டில் ஒளித்து வைத்திருந்தேன். வெல்ஃபேர் கமிட்டி சார்பில் ஃபிலோ கடைசி நாற்காலியில். பிளான்ட் ஹெட் வடக்கத்திக்காரர், தமிழும் தெரியாது கன்னடமும் தெரியாது. மலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "க்ளோஸ் இட்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

தட்டிவிட்டேன்.

திரையில் ஆறு தூண்கள் எழும்பின. ருத்ரேஷ் சார் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

பிளான்ட் ஹெட் முன்னால் சாய்ந்தார். "வாட் ஹேப்பன்ஸ் ஆன் தர்ஸ்டேஸ்?"

ஃபிலோ எழுந்தாள். "சர்ச் சார். கேண்டில் சார்" என்றாள். அதற்கு மேல் இங்கிலீஷ் வராமல், ருத்ரேஷ் சாரைப் பார்த்துத் தமிழில் கொட்டினாள்.

"நாங்கதான் சார் நிறுத்தச் சொன்னோம். முனுசாமி அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. திட்டறதா இருந்தா எங்களைத் திட்டுங்க. பஸ்ஸ நிறுத்திடாதீங்க சார், எங்க வூட்டுல யாரும் வேலைக்கு அனுப்ப மாட்டாங்க."

பிளான்ட் ஹெட் ருத்ரேஷ் சார் பக்கம் திரும்பினார். அவள் சொன்னதை அவர்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

பிறகு சொன்னார். வியாழக்கிழமை விவேக் நகர் சர்ச்சில் பெரிய கூட்டம் சார். பஸ் அங்கே மாட்டிக்கொள்கிறது. ஊரே அப்படித்தான். அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸை நிறுத்தியதைப் பற்றியும் இல்லை, டிரைவரைப் பற்றியும் இல்லை.

"அப்படியானால் வியாழன் மட்டும் சீக்கிரம் கிளம்பச் சொல்லுங்கள். ஒரு நாளுக்காக ஏன் ரூட்டை வெட்ட வேண்டும்?" என்று சொல்லிவிட்டு பிளான்ட் ஹெட் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வராந்தாவில் ருத்ரேஷ் சார் எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லிருக்கலாமில்லம்மா? நான் என்ன புலியா? சரி, ஹோக்லி பிடு, போனா போகட்டும். ஆனா கேட்டுக்கோங்க. இனிமே பஸ் அங்க நிக்கக் கூடாது. ஒரே ஒரு மாசம் வியாழக்கிழமை தூண் எழும்பினாலும் நானே போய் ரூட்டை நிறுத்தச் சொல்லிடுவேன்."

நிற்காத பஸ்

வியாழக்கிழமை பஸ் சீக்கிரம் கிளம்பியது. அதற்கும் முன்னால் கோயிலுக்குப் போய்வர, பிள்ளைகளை ஸ்கூலுக்குத் தயார் செய்கிற யாராலும் முடியவில்லை. நானும் போகவில்லை. முதல் வாரம் பஸ் கோயிலைத் தாண்டிப் போனபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பஸ்ஸைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை.

அடுத்த வாரம் முனுசாமி அண்ணன் கோயில் வந்ததும் கியரைக் குறைத்தார். பஸ் நிற்கவில்லை. ஆனால் நடக்கிற ஆள் எங்களை முந்திப் போனார். ஃபிலோ சிலுவை போட்டுக்கொண்டாள், நான் கைகூப்பினேன். ஜன்னல் வழியே மெழுகு உருகும் வாசனை வந்தது. பின்னால் ஹாரன் அடித்தவனைப் பார்த்து பஸ்ஸே திரும்பி முறைத்தது. எல்லா வியாழனும் அப்படியே ஊர்ந்தோம்.

மாதக் கடைசியில் கிழமைவாரிச் சார்ட்டைப் போட்டேன். மற்ற தூண்கள் குட்டையாக இருக்க, வியாழன் அவற்றைப் போல் இரண்டு மடங்கு எழும்பி நின்றது. ஒரு நிமிஷ வித்தியாசம்தான். எக்ஸெல் வழக்கம்போல் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, அந்த ஒரு நிமிஷத்தை எடுத்து உச்சியில் வைத்திருந்தது. அந்தப் பதற்றத்தில் அளவை மாற்ற வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ருத்ரேஷ் சார் ஏற்கெனவே என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வெகுநேரம் அந்தத் தூணையே பார்த்தார். பஸ் எங்கே ஊர்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் மூச்சு விட்டதிலேயே எனக்குத் தெரிந்தது.

"அளவு எங்கிருந்து ஆரம்பிக்குது?"

"தானா வந்தது சார்."

"தானா வந்ததை அப்படியே விடலாமாம்மா? நம்ம கையிலதானே இருக்கு" என்றார். "ஜீரோவிலிருந்து வை. மேலே அறுபது வரைக்கும் ஏத்து."

வைத்தேன். ஏற்றினேன். ஆறு தூண்களும் தரையோடு அமுங்கி, ஒரே உயரத்துக் குட்டித் தூண்களாக வரிசையில் நின்றன.

"ஈக நோடு, இப்பப் பாரு. எல்லா நாளும் ஒண்ணுதானே?" என்றார். பிரின்ட் எடுக்கச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த வியாழன், கோயில் தெரு முனையிலேயே முனுசாமி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கேட்கத் தயங்கிக் கேட்டார்.

"இன்னாம்மா, உன் படத்துல ரொம்ப ஏறிடுச்சா? வேகமா போயிடட்டுமா?"

"இல்லண்ணா" என்றேன். "நீங்க மெதுவாவே போங்க."